நான்கு மாத விடைபெறல்: க்ளோப் இல்லாத லிவர்பூலுக்குப் பழகிக்கொண்ட விதம்

தோற்றுக்கொண்டே இருக்கும் மேனேஜரை கிளப் நீக்கும்போது ரசிகர்களுக்குக் கோபப்பட ஆள் இருக்கும். அவரைத் திட்டலாம், அவரை நியமித்தவர்களைத் திட்டலாம், அடுத்தவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கோப்பைகளை வென்று கொடுத்த ஒருவர், அணி லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போது, தானாகவே "நான் கிளம்புகிறேன்" என்று சொன்னால் யாரைத் திட்டுவது? ஆனாலும் மனதில் ஏறிய பாரம் எங்காவது இறங்கத்தான் பார்க்கும். பெரும்பாலும் அது அடுத்து வருபவர் தலையில்தான் போய் இறங்குகிறது.

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கிளப்பை விட்டு அதன் மேனேஜர் யூர்கன் க்ளோப் போனபோது அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை அந்த ஊரில் வாழ்கிறவள் என்ற முறையில் சொல்ல நினைக்கிறேன். எந்தக் கிளப்பின் ரசிகருக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு இதில் ஏதாவது கைகொடுக்கலாம்.

நான் லிவர்பூலில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வீடு வால்டன் பகுதியில். அங்கிருந்து கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு நடந்தே போகலாம். 2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை முற்பகல், வார்டில் பணியில் இருந்தேன். இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு முதியவர், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே போனை என்னிடம் நீட்டினார். "என்னவோ போட்டிருக்கிறார்கள், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. படித்துச் சொல்லுங்கள்" என்றார். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதையும் செய்தேன். போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தவர், அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

கிளப் வெளியிட்ட வீடியோவில் க்ளோப் சொன்னது எளிமையான விஷயம். ஆற்றல் தீர்ந்துகொண்டு வருகிறது, இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது என்றார். இந்தக் கிளப்பையும் ஊரையும் மக்களையும் நேசிக்கிறேன், ஆனாலும் இந்த முடிவை எடுத்தாக வேண்டும் என்றார். உரிமையாளர்களிடம் முந்தைய நவம்பரிலேயே சொல்லியிருக்கிறார். சீசன் முடியும்வரை இருப்பார். அன்றைய நிலையில் லிவர்பூல் லீக்கில் முதலிடம். நான்கு கோப்பைகளுக்கான போட்டியிலும் நிலைத்து நின்றது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் அதிர்ச்சி மிகையாகத் தெரியலாம். 2015 அக்டோபரில் அவர் வந்தபோது அணி பத்தாவது இடத்தில் கிடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் நம்புகிறவர்களாக மாற வேண்டும் என்று முதல் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே ஆன்ஃபீல்டில் கிரிஸ்டல் பேலஸிடம் தோல்வி. இறுதி விசிலுக்கு முன்பே கூட்டம் எழுந்து போவதைப் பார்த்து, தனித்துவிடப்பட்டதுபோல் உணர்ந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். டிசம்பரில் வெஸ்ட் பிராமுடன் கடைசி நேரத்தில் கோல் அடித்து 2-2 என்று சமன் செய்ததும், வீரர்களைக் கைகோர்க்க வைத்து, தீவிர ரசிகர்கள் நிற்கும் பக்கமான கோப் ஸ்டாண்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி நன்றி சொல்ல வைத்தார். ஒரு சமநிலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று மற்ற ஊர்களில் கேலி செய்தார்கள். யாரும் எழுந்து போகாமல் கடைசிவரை நின்றதற்கான நன்றி அது என்பது இங்கிருந்தவர்களுக்குப் புரிந்தது.

அதன் பிறகு 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம், 2022இல் எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை என்ற இரண்டு உள்நாட்டு நாக்-அவுட் கோப்பைகளும் வந்தன. ஆனால் எனக்கு அவர் நெருக்கமானது 2020 மார்ச்சில். மருத்துவமனைகளில் நாங்கள் முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் அல்லாடிய நாட்கள் அவை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஊழியர்கள் நின்று கிளப்பின் பாடலைப் பாடிய வீடியோ ஒன்று அவருக்குப் போயிருக்கிறது. பார்த்ததும் அழுதுவிட்டதாகச் சொன்னார். முக்கியமில்லாத விஷயங்களில் மிக முக்கியமானது கால்பந்து, இப்போது அதற்கும் முக்கியத்துவம் இல்லை என்று ரசிகர்களுக்கு எழுதினார். அந்த ஜூனில் பட்டம் உறுதியானது. ஜூலையில் ஆளில்லாத கோப் ஸ்டாண்டில் மேடை போட்டுக் கோப்பையைத் தூக்கினார்கள். முப்பது ஆண்டு காத்திருந்த ஊர் அதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தது. இவ்வளவையும் நம்மோடு சேர்ந்து கடந்த ஒருவர் போகிறார் என்றால் வருத்தம் வரத்தான் செய்யும். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. "வெறும் விளையாட்டுதானே" என்று சொல்கிறவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை.

முதல் நாளில் நான் செய்த உருப்படியான காரியம், வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போய்ப் பார்த்தது. அதற்குள் போனில் வதந்திகள் குவிந்திருந்தன. உடம்புக்கு ஏதோ, உரிமையாளர்களோடு சண்டை, வேறு கிளப்போடு ரகசிய ஒப்பந்தம் என்று ஆளுக்கு ஒன்று. எதற்கும் ஆதாரம் இல்லை. களைத்துவிட்டேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு அதற்குப் பின்னால் வேறு காரணம் தோண்டுவானேன்? என் தொழிலில் களைத்து ஒதுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் வேலையில் கெட்டிக்காரர்கள். தளர்ந்துபோய்த் தவறு நேரும் முன் விலகத் தெரிந்தவர்கள். க்ளோப் சொன்னதை நான் அன்றே நம்பினேன். இப்படி ஒரு செய்தி வரும் நாளில் போனை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கிளப்போடு உங்களைவிட அதிக காலம் வாழ்ந்த ஒருவரிடம் போய் உட்காருங்கள்.

பெரியவர் 1974இல் இளைஞர். அந்த ஆண்டு ஜூலை 12 அன்று லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லி விலகினார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த கிளப்பை எடுத்து நிறுத்தியவர். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் எஃப்ஏ கோப்பையை வென்றிருந்தார். எந்த முன்னறிவிப்பும் இல்லை. தொலைக்காட்சி நிருபர் ஒருவர் தெருவில் மைக்கை நீட்டிச் செய்தியைச் சொன்னபோது மக்கள் நம்பவே மறுத்த காட்சியை இன்றும் காணலாம். தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அன்று யாருக்கும் கை ஓடவில்லை என்றார் பெரியவர்.

அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் அவர் அதிக நேரம் சொன்னார். பொறுப்பேற்ற பாப் பெய்ஸ்லி கூச்ச சுபாவம் கொண்டவர். ஷாங்க்லியோ பயிற்சி மைதானமான மெல்வுட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். வீரர்கள் பழக்கதோஷத்தில் அவரைத்தான் "பாஸ்" என்று அழைத்தார்கள். பெய்ஸ்லிக்குத் தர்மசங்கடம். வராமல் இருந்தால் நல்லது என்று கடைசியில் உணர்த்த வேண்டியதாயிற்று. ஷாங்க்லிக்கு அது ஆறாத காயமாகிப் போனது. பெய்ஸ்லியின் முதல் சீசனில் லீக் பட்டம் கிடைக்கவில்லை, இரண்டாம் இடம்தான். அந்த ஓராண்டில் அவரைப் பற்றித் தாங்கள் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது என்றார் பெரியவர். அந்த பெய்ஸ்லி ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்களையும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளையும் வென்று கொடுத்தார்.

1991 இன்னும் மோசம். எவர்ட்டனோடு 4-4 என்று முடிந்த எஃப்ஏ கோப்பை ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று அப்போதைய மேனேஜர் கென்னி டால்க்ளிஷ் விலகினார். அணி அப்போது லீக்கில் முதலிடத்தில் இருந்தது. லிவர்பூல் ரசிகர்கள் மைதான நெரிசலில் சிக்கி இறந்த 1989 ஹில்ஸ்பரோ பேரழிவுக்குப் பிறகு இறுதிச் சடங்கு மேல் இறுதிச் சடங்காகக் கலந்துகொண்டு, குடும்பங்களைத் தாங்கிப் பிடித்து, உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தார் அவர். விடைகொடுக்க ஒரு ஆட்டம்கூட கிடைக்கவில்லை.

"இரண்டு முறையும் எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இவர் நான்கு மாதம் கொடுத்திருக்கிறார். அழுவதை எல்லாம் அவர் இருக்கும்போதே அழுது முடித்துவிட வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு மிச்சம் வைக்கக் கூடாது" என்றார் பெரியவர். அதன்பின் அந்த நான்கு மாதமும் நான் எதைச் செய்தாலும் இந்தப் பேச்சு கூடவே வந்தது.

வீட்டில் என் மகள் இருந்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து லிவர்பூல் என்றால் க்ளோப்தான். அன்றிரவு தூங்கப் போகும்போது, "அம்மா, நாம் என்ன தப்பு செய்தோம்?" என்று கேட்டாள். பெரியவர்கள் யோசிக்காத கேள்வி இது. ஒருவர் விலகினால் தங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் குழந்தைகள் எடுத்துக்கொள்கிறார்கள். "இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறதே, இப்போது எதற்குக் கவலை" என்று பேச்சை மாற்றாமல் உள்ளதைச் சொன்னேன்: அவருக்குக் களைப்பு, நம் மீது கோபம் இல்லை, போன பிறகும் அவருக்கு நம்மைப் பிடிக்கும். கடிதம் எழுதச் சொன்னேன். எழுதினாள். தொப்பியும் தாடியும் பெரிய பல்வரிசையுமாக அவரை வரைந்து, கீழே "நன்றாகத் தூங்குங்கள்" என்று எழுதியிருந்தாள். களைத்தவருக்கு வேறு என்ன சொல்வது? கிளப்பின் முகவரிக்கு அனுப்பினோம். பதில் வருமா என்று அவள் கேட்கவே இல்லை. எழுதி முடித்ததிலேயே அவள் முகம் தெளிந்துவிட்டது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தவறாமல் செய்யுங்கள், பெரியவர்களும் எழுதலாம்.

அறிவிப்புக்கு இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை நார்விச்சுடன் எஃப்ஏ கோப்பை ஆட்டம், 5-2 வெற்றி. மைதானம் முழுக்க அவர் பெயரைப் பாடியது. ஆட்டம் முடிவாகும் முன் என் பெயரைப் பாடாதீர்கள் என்று முந்தைய ஆண்டுகளிலேயே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு ஆடுகிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். பிப்ரவரி 25 அன்று வெம்ப்லியில் லீக் கோப்பை இறுதி ஆட்டம். காயங்களால் பாதி அணி இல்லை. கிளப்பின் இளையோர் அகாடமிப் பையன்கள் களத்தில் நிற்க, 118ஆவது நிமிடத்தில் வான் டைக் தலையால் முட்டி செல்சியை வீழ்த்தினார். அன்றிலிருந்து ஊரில் ஒரு பேராசை பிறந்தது. நான்கு கோப்பைகளோடும் வழியனுப்ப வேண்டும், கதை அப்படித்தான் முடிய வேண்டும் என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்.

அங்கேதான் சறுக்கியது என்று நினைக்கிறேன். மார்ச் 17 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-3 என்று தோற்று எஃப்ஏ கோப்பை போனது. ஏப்ரல் 11 அன்று யூரோப்பா லீக்கில் அட்லாண்டா ஆன்ஃபீல்டிலேயே 3-0 என்று அடித்துவிட்டுப் போனது. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸிடம் 0-1. ஏப்ரல் 24 அன்று எவர்ட்டனிடம் 2-0 தோல்வி. லீக் கனவு அத்தோடு முடிந்தது. காயங்கள், களைப்பு, தவறவிட்ட வாய்ப்புகள் என்று காரணங்கள் பல. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் "இது அவருடைய கடைசி இது, கடைசி அது" என்று எண்ணிக்கொண்டிருந்த எங்கள் பதற்றமும் அந்த அரங்கில் இருந்தது. பந்து எங்கள் பாதிக்குள் வந்தாலே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இருபது வயதுப் பையன் காதில் அது விழாமலா இருக்கும்? விடைபெறும் ஆண்டில் ரசிகர்கள் அணிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த எண்ணிக்கையை வீட்டோடு வைத்துக்கொள்வதுதான்.

அட்லாண்டா ஆட்டத்தன்று கோப் ஸ்டாண்டில் வழக்கமான கொடிகள் இல்லை. டிக்கெட் விலை உயர்வை எதிர்த்துக் கொடிகளைக் கொண்டுவரும் ரசிகர் குழு அவற்றை எடுத்துவைத்துவிட்டது. க்ளோப்பின் கடைசி ஐரோப்பிய இரவுகளில் ஒன்றில் இப்படிச் செய்யலாமா என்று சிலர் குறைபட்டார்கள். செய்தது சரி என்பதே என் கருத்து. 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து போனதால்தான் உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். மேனேஜர் மீதுள்ள பாசத்தைக் காட்டி ரசிகர்களின் வாயை அடைக்க விடக் கூடாது. அவர் போய்விடுவார், விலை நம்மோடு இருக்கும்.

டிக்கெட் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். மே 19 அன்று வுல்வ்ஸுடன் நடக்கவிருந்த கடைசி ஆட்டத்துக்கு வெளிச்சந்தையில் கேட்ட விலையில் ஒரு குடும்பம் விடுமுறைக்குப் போய்வரலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் முகம் தெரியாத ஆளுக்குப் பணம் அனுப்பிவிட்டு, கடைசிவரை போனுக்கு டிக்கெட் வராமல் ஏமாந்தார். இப்போதெல்லாம் ஆன்ஃபீல்டில் நுழைவது போனில் உள்ள மின்னணு டிக்கெட்டைக் காட்டித்தான். படமாகவோ காகிதமாகவோ ஒருவர் தருவது செல்லாது. கிளப்பின் உறுப்பினர் குலுக்கல், உள்ளூர்க்காரர்களுக்கான விற்பனை, சீசன் டிக்கெட்காரர்கள் திருப்பித் தரும் இடங்கள் ஆகியவை மட்டுமே நம்பத் தகுந்த வழிகள்.

அதைவிட நல்ல வழி ஒன்று எங்களுக்கு அமைந்தது. கடைசி ஆட்டத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, யாரும் பெரிதாக எண்ணாத ஒரு புதன்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தோம். பிப்ரவரி 21, லூட்டனுடன் ஆட்டம். சாலாவும் அலிசனும் அலெக்சாண்டர்-ஆர்னால்டும் காயத்தில். பன்னிரண்டாவது நிமிடத்திலேயே லூட்டன் கோல் அடித்தது. இடைவேளை வரை எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் வான் டைக், காக்போ, டியாஸ், எலியட் என்று நான்கு கோல்கள். நான்காவது விழுந்த பிறகு பாட்டி பொட்டலத்தைப் பிரித்து என் மகளுக்குப் பாதி கொடுத்தார். அன்று யாரும் விடைபெறுதல் பற்றிப் பேசவில்லை. க்ளோப் எல்லைக்கோட்டில் நின்று கத்தினார், கையை வீசினார், நான்காவது நடுவரோடு வழக்காடினார். அவர் வேலை செய்வதைப் பார்த்தோம். மகள் இன்றும் நினைவுகூர்வது அந்த இரவைத்தான். உங்களால் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் போக முடியும் என்றால் இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பாருங்கள்.

ஏப்ரல் 27 அன்று வெஸ்ட் ஹாம் ஆட்டத்தில், களமிறங்கக் காத்திருந்த சாலாவுக்கும் க்ளோப்புக்கும் எல்லைக்கோட்டில் வாக்குவாதம். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு வாரம் அடித்துக்கொண்டது. இருவரும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். ரசிகர்களுக்குள் முறிந்த சில நட்புகள் சேரவில்லை. அவர்கள் சண்டையில் நமக்கு வேலையில்லை.

மே 19 அன்று நாங்கள் வீட்டில்தான் இருந்தோம், பெரியவரும் வந்திருந்தார். 2-0 வெற்றி, 82 புள்ளிகளோடு மூன்றாம் இடம். ஆட்டம் முடிந்ததும் க்ளோப் மைக்கைப் பிடித்தார். அழுகை ஏதும் இல்லாமல், தன் பேச்சின் முக்கியப் பகுதியை அடுத்தவருக்காகச் செலவிட்டார். என்னை வரவேற்றதுபோல் அவரையும் வரவேற்க வேண்டும், முதல் நாளிலிருந்தே முழுமனதோடு நம்ப வேண்டும் என்றார். பிறகு ஆர்னே ஸ்லாட்டின் பெயரை ஒரு மெட்டில் பாடத் தொடங்க, மொத்த அரங்கமும் கூடப் பாடியது. கிளப் ஸ்லாட்டை முறைப்படி அறிவித்தது மறுநாள்தான். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "ஷாங்க்லி இதைச் செய்திருந்தால்…" என்று சொல்ல வந்து, வாக்கியத்தை முடிக்காமல் பாட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஒரு பேச்சால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அது உண்மையாகாது. 2013 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற சர் அலெக்ஸ் ஃபெர்குசனும் ஓல்ட் டிராஃபோர்டில் நின்று, புதிய மேனேஜருக்குத் துணை நிற்பதுதான் இனி உங்கள் வேலை என்றார். டேவிட் மாய்ஸுக்காகப் பெரிய பேனர்கூட தொங்கவிட்டார்கள். பத்து மாதத்தில் மாய்ஸ் வெளியேற வேண்டும் என்ற வாசகத்தோடு மைதானத்துக்கு மேலே விமானம் பறந்தது. ஏப்ரலில் அவரை நீக்கினார்கள். அங்கே ஃபெர்குசனோடு தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் போனார். அணியின் முதுகெலும்பாக இருந்தவர்களுக்கு வயதாகியிருந்தது. லிவர்பூலில் நிலைமை வேறு. 2023 கோடையிலேயே க்ளோப் நடுக்களத்தை மக் அலிஸ்டர், சோபோஸ்லாய், கிராவன்பெர்க், எண்டோ என்று புதிதாகக் கட்டிவிட்டார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புக்கு மைக்கேல் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் ஹியூஸும் வந்தார்கள். உங்கள் மேனேஜர் போகும்போது அவர் எங்கே போகிறார் என்பதைவிட எதை விட்டுவிட்டுப் போகிறார் என்று பாருங்கள். வீரர்களின் வயது என்ன, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, ஆட்களை வாங்கும் முடிவு யார் கையில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். எனக்குப் போயிற்று.

அடுத்த சீசனில் உடனடியாகக் களமிறங்கும் நிலையில் வாங்கியது கியேசா ஒருவரைத்தான். ஸ்லாட் நிதானமானவர், நெஞ்சில் குத்திக்கொண்டு கோப் பக்கம் ஓடிவருகிறவர் அல்ல. எங்கள் வீட்டில் அவரிடம் அதை எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். "க்ளோப் இருந்திருந்தால்" என்று தொடங்கும் வாக்கியத்தை ஆட்டம் பார்க்கும்போது யாரும் சொல்லக் கூடாது என்பது மகள் போட்ட சட்டம். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று இருபதாவது லீக் பட்டத்தை ஸ்லாட் உறுதிசெய்தார். அன்று மைக்கைப் பிடித்து அவர் பாடியது க்ளோப்பின் பெயரை. வீதியெல்லாம் மனிதத் தலைகள். 2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த கொண்டாட்டமும் அன்றுதான் வெளியே வந்தது.

இடையில் 2024 அக்டோபரில், ரெட் புல் நிறுவனத்தின் உலகளாவிய கால்பந்துப் பிரிவுக்குத் தலைவராகப் போகிறேன் என்று க்ளோப் அறிவித்தார். ஜெர்மனியில் அவர் முன்பு மேனேஜராக இருந்த மைன்ஸ், டார்ட்மண்ட் கிளப்புகளின் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கிளப்புகள் உறுப்பினர்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற அங்கத்திய விதியை நிறுவனப் பணத்தால் நீர்த்துப்போகச் செய்தவர்கள் என்று ரெட் புல் மீது அவர்களுக்குத் தீராத கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. அதற்காக ஒன்பது ஆண்டு அவர் இங்கே செய்ததைத் திருத்தி எழுத நான் தயாராக இல்லை.

உண்மையான சோதனை 2025 இலையுதிர் காலத்தில் வந்தது. ஜூலையில் எங்கள் வீரர் டியோகோ ஜோட்டாவும் அவருடைய தம்பியும் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்துபோனார்கள். அந்தத் துக்கத்தோடுதான் அணி சீசனைத் தொடங்கியது. அலெக்சாண்டர்-ஆர்னால்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போயிருந்தார். விர்ட்ஸ், இசாக், எகிடிகே என்று பெரும் பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகவே நேரம் பிடித்தது. நவம்பரில் ஆன்ஃபீல்டில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டிடம் 0-3. சில நாட்களில் அதே மைதானத்தில் பிஎஸ்வியிடம் 1-4. பஸ்ஸில், வார்டில், கடையில் எங்கும் ஒரே பேச்சு: அவரையே திரும்பக் கூப்பிட்டால் என்ன? என் மகளும் கேட்டாள், தான் போட்ட சட்டத்தை மறந்து.

ஸ்லாட்டை விமர்சிக்க அந்த மாதங்களில் காரணம் நிறைய இருந்தது. நானும் விமர்சித்தேன்: பின்களம் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே மாதிரி கோல் வாங்கியதை, மாற்று வீரர்களை இறக்கிய நேரத்தை. அவர் செய்த வேலையை வைத்து அவரை எடைபோடலாம். அது ரசிகர்களின் உரிமை. மகளுக்கு மட்டும் டால்க்ளிஷ் கதையின் இரண்டாம் பாதியைச் சொன்னேன். இருபது ஆண்டுகள் "அவர் திரும்பி வர வேண்டும்" என்று இந்த ஊர் ஏங்கியது. 2011 ஜனவரியில் வந்தார். 2012இல் லீக் கோப்பையை வென்றார், லீக்கில் அணி எட்டாவது இடத்தில் முடித்தது, மே மாதம் அவரை நீக்கினார்கள். அதனால் அவர் மீதுள்ள அன்பு இம்மியும் குறையவில்லை. 2017இல் ஒரு ஸ்டாண்டுக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் டால்க்ளிஷைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பெரியவரிடம் கேட்டால், 1986இல் அவர் ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்து லீக்கையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வென்ற கதையைத்தான் சொல்வார்.